ஒரே அச்சில் அடித்த காசுகள்

லண்டனில் என்ன வேலை செய்தீர்கள் என்று எங்களுடைய ஆட்கள் கேட்டால், பழைய தங்க நாணயங்களை ஏலத்தில் விற்கிற கம்பனி ஒன்றில் என்று சொல்லுவேன். "அப்ப அடைவுகடையோ?" என்பார்கள். அடகு பிடிக்கிற கடை இல்லை என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள், "இண்டைக்குப் பவுண் என்ன விலை போகுது?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அதற்கு எனக்கு ஒருநாளும் சரியான பதில் தெரிந்ததில்லை. நான் கையாண்ட தங்கத்தை யாரும் பவுண் கணக்கில் வாங்குவதில்லை.

போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் கேக் வெட்டினார்கள், பூங்கொத்துத் தந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "கௌரி, உங்களுக்கு மறக்க முடியாத காசு எது?" என்று கேட்டாள். எல்லோரும் நான் ஏதோ ராஜாவின் பெயரைச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயில் வந்தது ஒரு போலிக் காசு. சிரித்தார்கள். கேக் சாப்பிடுகிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்த கதை நீளமானதல்ல. யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தேன். கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தேன். ரூட்டிங் பக்கம் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் சில வருடம் நின்றேன். பிறகு ஏஜென்சி மூலம் ரைப் அடிக்கிற வேலைக்கு, பிக்காடில்லிக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் இருந்த அந்தக் கம்பனிக்குப் போனேன். இரண்டு கிழமை வேலை என்றார்கள். நான் ரைப் அடித்தது ஏலத்துக்கு வரும் காசுகளின் விவரங்களை. அடிக்க அடிக்க, எழுதியிருப்பதையும் தட்டில் கிடக்கும் காசையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கிறவளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதில் விருப்பமா?" என்று பழங்காசுப் பிரிவில் இருந்த பிலிப் கேட்டார். அதிலிருந்து நான் அந்தப் பிரிவை விட்டு அசையவில்லை.

எங்கள் பிரிவுக்கு வந்தவை சுத்தியலால் அடித்த காசுகள். ஐரோப்பாவில் நாணய இயந்திரங்கள் பரவுவதற்கு முன்னால் காசு அடித்தது இப்படித்தான்: ஒரு மரக்குற்றியில் இறுக்கிய இரும்பு அச்சு ஒன்று கீழே. அதன் மேல் வட்டமாக வெட்டிய மெல்லிய தங்கத் தகடு. அதற்கு மேல் இன்னோர் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான். கை கொஞ்சம் விலகினால் ராஜாவின் தலை ஓரத்துக்குப் போய்விடும். அச்சு துள்ளினால் எழுத்து இரட்டையாக விழும். அதனால் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது. ஆனால் ஒரே அச்சில் அடித்தவற்றைக் கண்டுபிடிக்கலாம். அச்சை வெட்டியவனின் கைப்பிழை, ஒரு நட்சத்திரம் சாய்ந்திருப்பதோ ஒரு எழுத்தின் கால் உடைந்திருப்பதோ, அந்த அச்சில் விழுந்த எல்லாக் காசிலும் அப்படியே இருக்கும். அடிபட்டு அடிபட்டு அச்சில் வெடிப்பு விழும். அடிக்க அடிக்க அந்த வெடிப்பு நீளும். எது முன்னால் அடித்தது, எது பின்னால் அடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

பிலிப் பிரிவுக்குத் தலைவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். நெடிய ஆள், கொஞ்சம் கூனல். கதைப்பது மெத்தப் பதமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மற்றவருக்கு இடம் விட்டு. ஒரு காசைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தையும் கலியாண மோதிரத்தையும் கழற்றி மேசையில் இருக்கும் ஒரு கோப்பைச் சாசரில் போடுவார். தங்கம் மென்மையானது, மோதிரம் பட்டால் கீறிவிடும். பச்சைத் துணி விரித்த தட்டுக்கு மேலேதான் காசைத் தூக்குவார், விளிம்பில் மட்டும் பிடித்து. முதலில் கண்ணாடி இல்லாமல், வடக்குப் பக்க ஜன்னலுக்குப் போய் வெறுங்கண்ணால் பார்ப்பார். மின்வெளிச்சம் எல்லாவற்றையும் அழகாக்கிவிடும் என்பது அவர் குறை. பிறகு சரித்துச் சரித்துப் பார்ப்பார். பிறகு விளிம்பு. அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி. தராசு கடைசியில்.

"ஏன் கடைசியில்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எடை சரி என்று தெரிந்தால் கண் வேலை செய்யாமல் விட்டுவிடும்" என்றார்.

போலி என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. "எனக்கு இதில் திருப்தி வரவில்லை" என்பார். அந்த வேலையில் இருக்கும் எல்லோரும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் பிலிப் சொல்லும்போது, காசைக் கொண்டுவந்தவர் பக்கம் தட்டைத் திருப்பி வைத்து, எந்த இடத்தில் திருப்தி வரவில்லை என்று விரலால் காட்டுவார். அவர்களுக்கும் தெரியும்வரை விடமாட்டார். இறந்த கணவன் சேர்த்துவைத்த பெட்டியோடு வந்த ஒரு பெண், பெட்டியில் முக்கால்வாசி வார்த்தெடுத்த போலிகள் என்று அறிந்த பிறகும், அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவர் திருத்திய முதல் பிழையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பழைய தங்கக் காசு ஒன்று, ஒரு பக்கம் சிறகு விரித்த தேவதூதர் ஈட்டியால் பூதத்தைக் குத்துகிறார், மறுபக்கம் கப்பல். மேல் விளிம்புக்குக் கிட்ட ஒரு துளை. 'துளையிட்டுப் பழுதானது' என்று நான் எழுதியிருந்தேன். பிலிப் வாசித்துவிட்டு, "துளையின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது?" என்று கேட்டார். பார்த்தேன். மேல் ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. நெடுங்காலம் ஒரு கயிற்றில் தொங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் கழுத்தில் கழலை வந்தவர்களை ராஜா கையால் தொட்டு, இந்தக் காசைக் கழுத்தில் போட்டு அனுப்புவாராம், நோய் மாறும் என்று. "இதைப் பழுது என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். திருப்பி எழுதினேன். ஏலத்தில் அதை எடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தாதி. துளைக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி அந்தப் போலிக் காசு.

வியாழக்கிழமைகளில் யாரும் காசு கொண்டுவந்து எங்களிடம் காட்டலாம். மழை பெய்த ஒரு வியாழன், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். மூடியில் கை வைத்தபடி என் சட்டையில் இருந்த பெயரை வாசித்தாள். கை நின்றுவிட்டது.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனாள். எங்கள் ஆட்களிடம் கதை போய்விடும் என்ற பயம். எனக்கு விளங்கியது.

"தங்கச்சி, இஞ்சை காட்டுறதை நான் வெளியிலை கதைக்கிறேல்லை. கதைச்சால் எனக்கு வேலை இருக்காது. இருங்கோ."

இருந்தாள். பெயர் வதனி. குட்மேய்ஸில் இருக்கிறாள், ஒரு மருந்துக்கடையில் வேலை. பெட்டிக்குள் ஒரு கைலேஞ்சியில் சுற்றிய பாதிக் காசுமாலை. பாதி என்றால், ஒரு முனையில் கழுத்தில் கொளுவுகிற கொக்கி இருந்தது. மறுமுனை வெட்டி, நூலால் முடிந்து கிடந்தது.

"விக்க வரேல்லை அக்கா. இது போலியோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

மோதிரத்தைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நிற்கிற ஒருவர், முழங்காலில் இருக்கிற இன்னொருவரிடம் கொடி ஒன்றைக் கொடுக்கிறார். மறுபக்கம், நட்சத்திரங்கள் நிறைந்த நீள்வட்டத்துக்குள் ஒரு உருவம். வெனிஸ் நகரத்துத் தங்கக் காசின் அமைப்பு. நிற்பவர் அவர்களுடைய புனிதர், முழங்காலில் இருப்பவர் நகரத்தின் தலைவர். அந்தக் காசு கப்பல் கப்பலாக எங்கள் பக்கத்துக் கடல்களுக்கு வந்தது. அதன் தங்கம் அவ்வளவு சுத்தம். அதனால்தான் அங்கிருந்த பட்டறைகளிலும் அதைப் பார்த்து அடித்தார்கள். வதனியின் காசுகளில் சுற்றியிருந்த எழுத்துகள் எழுத்தே இல்லை. லத்தீன் தெரியாத யாரோ கோடும் வட்டமுமாக வெட்டியவை. புனிதரின் முகம் எங்கள் கோயில் வாசலில் நிற்கும் காவலாளியின் முகம். நிறமும் கொஞ்சம் செம்மை கூட. தங்கம்தான், ஆனால் கலப்பு.

சொல்லித்தானே ஆகவேண்டும். "பழைய காசுகள்தான். ஆனால் வெனிசிலை அடிச்சது இல்லை. எங்கட பக்கத்திலை அதைப் பாத்து அடிச்சது."

வதனி கைலேஞ்சியை மடித்து வைத்தாள். "அப்ப நான் கள்ளிதான்" என்றாள்.

பிறகு அவள் சொன்னது இது. மாலை அம்மாவுடையது. சண்டைக் காலத்தில் இரண்டு மகள்மாரையும் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அம்மா அதை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார். மூத்தவள் சரோஜா, கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் மூத்தவள் தன் பாதியை ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையில் காட்டினாள். கடைக்காரர் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த காசை உரைத்துப் பார்த்து, அசல் சுத்தத் தங்கம் என்றார். பிறகொரு நாள் வதனி ஒரு வளையம் ஒட்டுவதற்கு அதே கடைக்குப் போனாள். அவளுடையதை உரைத்துவிட்டு, "இது கலப்பு. உங்கட அக்காவின்ரை மாதிரி இல்லையே" என்றார். அந்த வசனம் கோலியர்ஸ் வுட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வதனியின் கணவர் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து வேலை இல்லாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நேரம் அசலை விற்றுப்போட்டு இதை வாங்கிக் கோத்திருக்கிறாள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

"போனிலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டவ. 'அம்மான்ரை காசை என்ன செய்தனி?' நான் ஒண்டும் செய்யேல்லை எண்டன். வைச்சிட்டா. அண்டையிலையிருந்து கதை இல்லை."

அன்று பின்னேரம் பிலிப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடும்பச் சண்டைக்குள் கம்பனி போகக்கூடாது என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"காசை யார் மாற்றினார்கள் என்று காசு சொல்லாது" என்றார். "ஆனால் மாற்றினார்களா என்று சொல்லக்கூடும். மற்றப் பாதியைப் பார்க்க வேண்டும்."

வதனி சம்மதித்து அக்காவின் இலக்கத்தைத் தந்தாள். நான் சரோஜா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நீர் அவளின்ரை ஆளோ?"

"நான் ஒருத்தற்றை ஆளும் இல்லை அக்கா. காசு பாக்கிற ஆள்."

"பாத்து?"

"பாத்தாத்தான் தெரியும்."

கடைசியில், வதனி வரக்கூடாது என்ற நிபந்தனையோடு வரச் சொன்னார். கையில் தராசும் விளக்கும் கமராவுமாக ஒரு சனிக்கிழமை காலை கோலியர்ஸ் வுட்டுக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஒரு மாடி வீடு, வாசலில் கறிவேப்பிலைச் சாடி, குளிருக்குப் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தது. சரோஜா அக்கா அறுபதுக்குக் கிட்ட, கணவர் இல்லை, மகனோடு இருக்கிறார். குசினி மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பாங்க் லொக்கரிலிருந்து எடுத்துவந்த மாலையை ஏற்கனவே வைத்திருந்தார்.

"என்ரை எல்லாம் சுத்தப் பவுண். வடிவாப் பாரும்."

கொக்கி இருந்த முனையிலிருந்து தொடங்கினேன். அருமையான காசுகள். கொடியின் மடிப்புக்கூடத் தெரிந்தது. சுற்றிவர லத்தீனில் வெனிஸ் தலைவர்களின் பெயர்களை வாசிக்கக்கூடியதாக இருந்தது. வளையம் ஒட்டியிருந்ததால் எடை பார்த்துப் பயனில்லை, தராசை மூடி வைத்தேன்.

"அம்மா இதை ராமரும் அனுமாரும் எண்டு சொல்லித்தான் கும்பிட்டவ" என்றார் சரோஜா அக்கா. "முழங்காலிலை இருக்கிறது அனுமாராம்."

"அது வெனிஸ் நகரத்துத் தலைவர் அக்கா."

"ரீவியிலை காட்டுற, தோணியிலை போற ஊரோ?"

"ஓம்."

"அப்ப அம்மா இவ்வளவு காலமும் வெள்ளைக்காரனுக்கோ விளக்கு வைச்சவ?" என்று சிரித்தார். சிரிக்கும்போது வதனியின் அதே பல்வரிசை.

ஒவ்வொரு காசாகப் படம் எடுத்துக்கொண்டே வெட்டிய முனைக்கு வந்தேன். கடைசி இரண்டு காசுகளும் செம்மை. எழுத்துகள் கோடும் வட்டமும். புனிதரின் முகம் கோயில் காவலாளியின் முகம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். புனிதரின் தலைக்குப் பின்னால் இருந்த ஒளிவட்டத்திலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போல ஒரு மேடு. அச்சில் விழுந்த வெடிப்பு. வதனியின் காசுகளில் அதே இடத்தில் அதே வெடிப்பு, விளிம்புவரை நீண்டிருந்தது. இங்கே பாதி வழியில் நின்றது. அதே அச்சு, இது கொஞ்சம் முன்னால் அடித்தது.

கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினேன். என் கமராவில் இருந்த வதனியின் காசின் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "என்ரையிலையும் போலியோ?" குரல் ஏறியது. "கடைக்காரன் உரைச்சுப் பாத்துத்தானே சொன்னவன்!"

"அவர் உரைச்சது கொக்கிப் பக்கத்திலை. இந்த முனையை உரைக்கேல்லை."

"அந்தக் கடையிலை என்ரை கண் முன்னாலை காட்டினதைத் தவிர இதை நான் ஒருத்தற்றை கையிலையும் குடுக்கேல்லை. மற்ற நாளெல்லாம் லொக்கரிலை."

"ஓம் அக்கா. அதுதான்."

 அவர் எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டார். தண்ணீர் கொதித்து நின்ற பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். "அப்ப அம்மா வெட்டேக்கையே இப்பிடித்தானோ இருந்தது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதே ஓம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிலிப்பிடம் கேட்காமல் சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாய்ப் போயிற்று. திங்கட்கிழமை படங்களைப் பார்த்த பிலிப், "ஒரே அச்சு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "ஒரே அச்சு என்றால் ஒரே பட்டறை. ஒரே மாலை என்று ஆகாது. அந்த ஊர்ச் சந்தையில் இந்தக் காசு நிறையவே கிடந்திருக்கலாம். தங்கை பிறகு அங்கிருந்து எடுப்பித்திருக்கலாம் என்று அக்கா நினைக்க இடம் இருக்கிறது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் பொய் சொல்லவில்லை" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்து ஒருவருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது." பிறகு, "மாலையில் பக்கத்துப் பக்கத்துக் காசுகள் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நடக்க நடக்க உரசும். உரசின இடம் பிறை வடிவில் தேயும். அம்மா வெட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த காசும் அந்தப் பக்கம் இருந்த காசும் ஒன்றையொன்று தேய்த்திருக்க வேண்டும். தேய்ந்தது பொருந்தினால் அவை பல வருடம் அருகருகே தொங்கியவை. அதைப் படத்தில் பார்க்க ஏலாது. இரண்டு பாதியும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.

இரண்டு சகோதரிகளுக்கும் தனித்தனியே போன் எடுத்தேன். மற்றவரும் வருவார் என்பதை மறைக்காமல் சொன்னேன். வதனி உடனே சரி என்றாள். சரோஜா அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே எடுத்து, "எத்தினை மணிக்கு?" என்றார்.

மேசையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிலிப் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சாசரில் போட்டார். அந்தச் சத்தம்தான் அறையில் பெரிய சத்தம். இரண்டு பாதிகளையும் பச்சைத் துணியில், வெட்டிய முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார். ஜன்னலுக்குக் கிட்டத் தட்டை நகர்த்தினார். சரோஜா அக்காவின் கடைசிக் காசில், புனிதரின் முதுகுப் பக்கம் பிறைபோல ஒரு தேய்வு. வதனியின் வெட்டிய முனைக் காசின் பின்புறத்தில், நட்சத்திரம் ஒன்றைப் பாதி அழித்தபடி இன்னொரு பிறை. பிலிப் ஒரு மெல்லிய மரக்குச்சியால் ஒன்றை மற்றதன் மேல் ஏற்றினார். இறங்கி உட்கார்ந்தது. இடைவெளி இல்லை. பூதக்கண்ணாடி விளக்கை முதலில் மூத்தவர் பக்கமும் பிறகு இளையவள் பக்கமும் திருப்பினார்.

"எனக்கு இதில் திருப்தி" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். ஆரம்பத்திலிருந்தே மாலை இப்படித்தான் இருந்திருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் அசல் காசோடு சந்தைக் காசையும் சேர்த்து மாலையை நீட்டியிருக்கிறார்கள். நடுவில் வெட்டும்போது அசலெல்லாம் ஒரு பக்கம் போய்விட்டது. அம்மாவுக்கே தெரிந்திருக்காது. ஒருவரும் ஒன்றையும் மாற்றவில்லை.

சரோஜா அக்கா தங்கையைப் பார்த்து, "வதனி" என்றார்.

வதனி எழும்பிவிட்டாள். நான் நினைத்தது, அழுவாள், கட்டிப்பிடிப்பாள், எல்லாம் முடியும் என்று. அவள் அழவில்லை.

"காசு சொன்னாத்தான் என்னை நம்புவீங்களோ அக்கா?" என்றாள். "நான் சொல்லேக்கை நம்பேல்லையே. இந்த ரெண்டு காசும் உங்கட பக்கம் வராமல் இருந்திருந்தால்? நான் சாகுமட்டும் கள்ளியோ?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள்.

சரோஜா அக்கா கதிரையின் பிடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் போகவோ, விடவோ?"

"போங்கோ அக்கா. ஓடுங்கோ."

ஓடினார். அறுபதுக்குக் கிட்ட வயது, முழங்கால் வருத்தம் வேறு. லிப்டுக்கு நில்லாமல் படியால் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகுதான் நான் மேசையைப் பார்த்தேன். இத்தனை வருடம் லொக்கரில் பூட்டி வைத்திருந்த தன் பாதி மாலையை, வதனியின் பாதிக்குப் பக்கத்தில் அவர் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்.

கம்பனி விதிப்படி அடுத்தவர் சொத்து மேசையில் கிடக்கும்போது நாங்கள் இருவரும் அறையை விட்டுப் போகக்கூடாது. அதனால் இருந்தோம். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தெருமுனை மட்டும் தெரியும், அவர்கள் தெரியவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது. பிலிப் தன் சீஸ் சாண்ட்விச்சைப் பாதியாக்கி ஒரு துண்டை எனக்குத் தந்தார். "அவள் கேட்டது சரியான கேள்வி" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு மாலையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். வதனியின் கண் சிவந்திருந்தது. வதனியின் கைப்பை சரோஜா அக்காவின் தோளில் கிடந்தது.

"பிழை என்னிலைதான்" என்று சரோஜா அக்கா என்னிடம் சொன்னார், தங்கைக்கும் கேட்கும்படி. "அவள் சொல்லேக்கை நான் நம்பியிருக்க வேணும். கடைக்காரன் ஆர், இவள் ஆர்?" பிறகு மேசையைக் காட்டி, "இதை ஒண்டாக் கோக்க ஏலுமோ?" என்றார்.

நான் வதனியைப் பார்த்தேன்.

"ஏலும்" என்றாள். "ஆனால் இண்டைக்கு வேண்டாம்."

அந்தப் பதில் எனக்கு நிறையப் பிடித்தது. ஆளாளுக்குத் தங்கள் பாதியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒரே குடையின் கீழ் போனார்கள். மாலை ஒன்றானது ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து. ஈஸ்ட் ஹாமில் வேறொரு கடையில் கோத்தார்கள். உரைக்கக்கூடாது என்று சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காசுகள் என் வேலையையும் திருப்பிவிட்டன. அதுவரை அப்படிப்பட்டவை வந்தால் 'பார்த்து அடித்தது' என்று ஒரு வரி எழுதி, பையில் போட்டு ஒரு மூலையில் வைப்போம். ஏலத்தில் அவற்றை அசலோடு சேர்த்துக் கூறாக விற்பார்கள். நான் பிலிப்பிடம் போய் அந்தப் பைகளை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். வேலைக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எந்த அச்சோடு எந்த அச்சுச் சேருகிறது என்று பிரிக்கத் தொடங்கினேன். எங்கள் கரையில், லத்தீன் தெரியாமல், வெனிசைக் காணாமல், ஒரு புனிதருக்குத் தன் ஊர்த் தெய்வத்தின் முகத்தை வைத்து அச்சு வெட்டிய மனிதர்கள். அவர்களில் சிலரின் கையை எழுத்தின் சாய்வை வைத்தே அடையாளம் காணுமளவுக்கு வந்துவிட்டேன். இப்போது அருங்காட்சியகங்களிலிருந்து இவற்றைப் பற்றிக் கேட்டு ஆட்கள் எழுதுகிறார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கம்பனிக்குப் போனேன். கமராவோடு சேர்ந்த புதிய இயந்திரம் வந்திருக்கிறது. காசை வைத்தால், உலகமெங்கும் உள்ள படங்களோடு ஒப்பிட்டு அதே அச்சில் அடித்தவற்றை எடுத்துத் தரும். இனி மனிதக் கண்ணுக்கு வேலை இல்லை என்று அங்கே ஒருவர் கவலைப்பட்டார். நான் வெடிப்பு விழுந்த அந்தக் காசின் படத்தைக் கொடுத்தேன். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் திரையில் ஒரு காசு வந்தது. எங்கோ ஒரு வடநாட்டு அருங்காட்சியகத்தில் கிடக்கிறது. அதே காவலாளி முகம், எழுத்துக்குப் பதில் அதே கோடும் வட்டமும். வெடிப்பு மட்டும் இல்லை. அச்சு புதிதாக இருந்தபோது அடித்தது. எத்தனையோ வருடம் தேடியும் எனக்குக் கிடைக்காதது. எனக்குக் கவலையே வரவில்லை. இன்னும் போடு, இன்னும் போடு என்று பக்கத்தில் இருந்த பிள்ளையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தேன். நான் பிரித்துவைத்த அவ்வளவையும் அதற்குள் ஏற்றுகிறார்கள். ஒரே அச்சில் விழுந்த எந்தக் காசுக் கூட்டத்துக்கு எந்தப் பெயர் என்று சொல்ல மாதம் ஒரு நாள் போய்வருகிறேன்.

இந்தக் கோடையில் வதனியின் மகளுக்கு ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு மண்டபத்தில் கலியாணம். பிலிப்பும் வந்திருந்தார், வேட்டி கட்டி, அடிக்கடி இடுப்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு. மணப்பெண்ணின் கழுத்தில் அந்த மாலை முழுதாகக் கிடந்தது. மேடை வெளிச்சத்தில் எது வெனிஸ், எது எங்களூர் என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து, ஆட்கள் கலையத் தொடங்கிய நேரம் விடைபெறப் போனேன். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் கொக்கியில் கை வைத்தபடி வாக்குவாதம்.

"நீ கொண்டு போ. இனி அது குட்மேய்ஸிலை இருக்கட்டும்."

"எனக்கென்னத்துக்கு? அடுத்தது உங்கட மகன்ரை கலியாணம். நீங்கள் கொண்டு போங்கோ."

"அவன் எப்ப கட்டுறது! நீ வைச்சிரன்."

"வைக்க மாட்டன் அக்கா. போன முறையும் நான்தானே வைச்சிருந்தனான்."

"அம்மா, பெரியம்மா, ப்ளீஸ்" என்றாள் மணப்பெண், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "ஆராவது ஒராள் கழட்டுங்கோ. நெக் நோகுது."

ஒருவரும் கழற்றுவதாக இல்லை. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர்களைச் சண்டை பிடிக்க விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.